ஐந்து ஸ்பீக்கரும் ஓர் ஊஃபரும்

யோகேந்திரன் தப்பான பொத்தானை அழுத்திவிட்டான். பக்திப் பாட்டு வர வேண்டிய இடத்தில், சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹெலிகாப்டர் கிளம்பி, கூடத்தில் கிடத்தியிருந்த அண்ணனின் தலைக்கு மேலே பறந்து, டிவிப் பக்கம் போய் வெடித்தது. அடித்தொனி எழுப்பும் ஊஃபர் பெட்டி உறுமியதில் தலைமாட்டு விளக்கு ஆடியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த செமிலிங் ஊரிலிருந்து வந்திருந்த அத்தை பாதியில் நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி, சாவு வீடு லா. சினிமாக் கொட்டாய் இல்ல," என்றார் பக்கத்து வீட்டு தேவன்.

"ரிமோட் மாறிப்போச்சுண்ணே."

அந்த வீட்டில் ரிமோட் ஒன்றுதான்.

குடும்பத்துக்கு ஒலி நிபுணர் அவன். யூடியூபில் மூன்று வீடியோ பார்த்து வாங்கிய பட்டம். இரண்டு வருஷத்துக்கு முன், கையுறைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற தர்மலிங்கம் அண்ணன், பாட்டு கேட்க நல்ல செட் ஒன்று வேண்டும் என்றபோது லூனாஸிலிருந்து பட்டர்வொர்த் டவுனில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். அண்ணன் அங்கே உயரமான இரண்டு ஸ்பீக்கர்களின் முன் உட்கார்ந்து கண்ணை மூடினார். அரை மணி நேரம் திறக்கவில்லை. கடைக்காரச் சீனர் கோப்பி வாங்கப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார்.

"பாடுறவன் நடுவுல நிக்கிறான்டா," என்றார் அண்ணன், இரண்டுக்கும் இடையில் இருந்த வெற்றுச் சுவரைக் காட்டி.

"ரெண்டு ஸ்பீக்கர் காலமெல்லாம் போச்சுண்ணே. அஞ்சு எடுங்க, கூட ஒரு ஊஃபர். அண்ணி படம் பாக்கலாம், நீங்க பாட்டு கேக்கலாம். ஒரே செட்டு, ரெண்டு வேல."

அண்ணன் அந்தச் சுவரை இன்னொரு தடவை பார்த்தார். "நீ சொன்னா சரி லா."

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அவன் வருவான், கேட்பான்: "சவுண்ட் எப்படிண்ணே?"

"ஓகே லா. சாப்பிடு."

இரண்டு வருஷமாக அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. அந்த 'ஓகே லா' யோகேந்திரனின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. நேற்று இரவு தூக்கத்திலேயே அண்ணன் போய்விட்டார். கண்ணை மூடிக் கிடந்தவரைப் பார்த்தால், வேறொன்றும் வேண்டாம் என்பதுபோல முகம் அமைதியாகத்தான் இருந்தது.

பாட்டு ஒருவழியாக ஓடத் தொடங்கியது. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பிரேமாவதி அண்ணியின் பக்கத்தில் போய் அமர்ந்தான்.

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"விடு. அவரு கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு." அழுது வீங்கிய முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"அண்ணி, ஒண்ணு கேக்கவா? மழுப்பாம சொல்லணும். இந்த செட்டு அண்ணனுக்குப் பிடிச்சிச்சா?"

அண்ணி மாலையிலிருந்து உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தாள். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்தாள்.

"பிடிக்கல தம்பி. முன்னாடி இருக்குற ரெண்ட மட்டும் வச்சுக்கிட்டு மத்ததுக்கெல்லாம் ஒயரக் கழட்டிப் போட்டுட்டுத்தான் பாட்டு கேப்பாரு. ஞாயித்துக்கெழம நீ வர்றேன்னா, மொத நாளே சோபாவுக்குப் பின்னால முட்டி போட்டு எல்லாத்தையும் மாட்டுவாரு. முட்டி வலிக்குதுன்னு முனகுவாரு, ஆனா மாட்டுவாரு. நேத்து சனிக்கெழம சாயங்காலமும் மாட்டிட்டுத்தான் குளிக்கப் போனாரு."