கூம் தைத்துக் கொடுத்த சீட்

எங்கள் நிக்ஷிச் ஊரில் குட்டையானவர்கள் குறைவு. அப்படிப்பட்ட ஊரிலேயே என் புருஷன் ஓப்ராத்தை "நெட்டையன்" என்றுதான் கூப்பிடுவார்கள் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டரைத் தாண்டியதும் அவன் அம்மா அவனை அளப்பதை நிறுத்திவிட்டாளாம். சந்தைக் கூட்டத்தில் அவனைத் தொலைத்துவிடுவேனோ என்று நான் ஒருநாளும் பயந்ததில்லை. அவன் தலையைத் தட்டும் வாசல் நிலைகளைத்தான் திட்டியிருக்கிறேன்.

அவனுக்கு வேலை மாடுகளோடு. கோடை வந்தால் இடையர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு மேலே மேய்ச்சல் மேட்டுக்குப் போய்விடுவார்கள். இவன் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போவான். பசுக்களுக்கு ஊசி போடுவான், சினை பார்ப்பான், கன்று குறுக்கே கிடந்தால் தோள்வரை கையை விட்டு இழுப்பான். கார் ஏறாத பாதை அது. மேட்டில் மரம் கிடையாது, கூரை கிடையாது, காற்றுதான். "அங்க மட்டும்தான், ஸ்தானா, நான் குனியாம நிக்கறேன்" என்று என்னிடம் சொல்வான். அவனை நான் அதிகம் புகழ்வதில்லை, ஆனால் மேட்டிலிருந்து திரும்பி வரும் அவன் முகத்துக்காக எதையும் மன்னித்துவிடுவேன்.

வண்டிதான் அவனுக்குப் பகையாகிவிட்டது. யாரோ சராசரி ஆளுக்காகச் செய்த வண்டி. அதில் இவன் உட்கார்ந்தால் முட்டி முழங்கையை இடிக்கும். பல வருஷம் அப்படியே மடங்கி ஓட்டியதில் இடுப்பு வலி வந்தது. ஒரு வசந்தத்தில் காலையில் காலுறை போடவே என்னைக் கூப்பிடும் நிலைக்கு வந்தான். எலும்பு டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு மூடி மறைக்காமல் சொன்னாள்: "இடுப்பு மூட்டு தேயுதுப்பா. இப்படியே மடங்கி உட்கார்ந்தா குளிர்காலத்துக்குள்ள ஊன்றுகோல்தான். உயரமான சீட் போடு, முட்டி இடுப்புக்குக் கீழ இருக்கணும். இல்லேன்னா வண்டியை விட்டுடு."

வண்டியை விட்டால் மேடு போச்சு. கால்நடை அலுவலகத்தில் ஒரு நாற்காலி அவனுக்காகவே காலியாக இருந்தது. கீழ்த்தளத்தில், தலை தட்டும் அறையில், எந்த மாட்டுக் காதில் எந்த முத்திரை என்று நாள் முழுக்கப் பதிவு செய்யும் வேலை. அதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஆகவே ஒரு சனிக்கிழமை சீட் வாங்கக் கிளம்பினோம். தலைநகர் போகும் சாலையில், வண்டிச் சாமான் மட்டும் விற்கும் கடை. கடைக்காரி அவனை ஏற இறங்கப் பார்த்து, கொஞ்சம் மேலேயும் பார்த்து, மெத்தென்ற ஒன்றைக் காட்டினாள். ஓப்ராத் உட்கார்ந்து, "ஆஹா" என்றான்.

"அந்த ஆஹாவெல்லாம் கடைக்குள்ளதான். மலைப்பாதையில அரை வழி போறதுக்குள்ள ஃபோம் அமுங்கி, அடித்தகடு எலும்புல குத்தும்" என்று அவளே அதை எடுத்து வைத்துவிட்டாள். அடுத்தது நடுவில் குழிந்த சீட். குழியில் உட்கார்ந்தால் நெட்டைக்காரன் பின்னால் நகர முடியாது, ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வான் என்றாள். கடைசியாக வந்ததுதான் சீட். உயரமாக, தட்டையாக, தட்டினால் சத்தம் வரும் கெட்டியாக, பின்னால் தள்ளி உட்கார இடத்தோடு. பார்க்க அழகே இல்லை.

ஓப்ராத் அதில் ஏறிக் காலை மிதியில் வைத்தான். குனிந்து தன் காலையே பார்த்தான்.

"ஸ்தானா, என் முட்டி கீழ இருக்குடி!"

வெட்கமில்லாமல் சொல்கிறேன், கடை நடுவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் எங்கள் வண்டிக்கு ஏற்றாற்போல் வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரி சொன்னாள்.

சந்தோஷத்தை வீடுவரை பொத்திக் கொண்டுவந்திருக்கலாம். என் புருஷன் வழியில் காப்பிக் கடையில் நிறுத்தி, அங்கிருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டான். நாங்கள் வீட்டில் செருப்பைக் கழற்றுவதற்குள் மிலோயே வாசலில் நின்றான்.

மிலோயே எங்கள் கூம். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், எங்கள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவன். ஆண்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கூம், நான் அவனுக்குக் கூமா. என் புருஷன் வீட்டுக்கு அவன் வீடு கூமாக இருப்பது எந்தத் தலைமுறையில் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. கூடப் பிறந்தவனோடு வெட்டு குத்து வரைக்கும் போகலாம், ஊர் பேசிவிட்டு மறந்துவிடும். கூமோடு முகம் கோணினால் அந்தக் கறை பேரன் காலம்வரை போகாது. ஊரில் குட்டையானவர்கள் குறைவு என்றேனே, அந்தக் குறைவான பேரில் மிலோயே ஒருவன். தொழில் சோபா தைப்பது.

"ஏண்டா நெட்டையா, நான் செத்தா போயிட்டேன்?" என்றான். "உன் கூம் ஊசியும் நூலுமா உட்கார்ந்திருக்கான். நீ முன்னப் பின்ன தெரியாதவகிட்ட போய் சீட் வாங்கறியா? நாளைக்கு ஊர்ல நான் எந்த முகத்தோட காப்பி குடிக்கறது?"

"இல்ல கூம், அது வண்டி சீட்டு. உனக்கு எதுக்கு சிரமம்னு..."

"சிரமமா? உன் பின்பக்கம் எனக்குச் சிரமமா?"

"மிலோயே, டாக்டரம்மா உயரமா, கெட்டியா வேணும்னு சொன்னாங்க" என்று நான் நுழைந்தேன்.

"கூமா, டாக்டருக்கு எலும்பு தெரியும். உட்கார்றது எனக்குத் தெரியும்." அவனே ஸ்பானரை எடுத்துப் பழைய சீட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். ஓப்ராத்தே கடைக்காரிக்கு போன் போட்டு, வேண்டாம் என்று சொன்னான். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீட் வந்தது. பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிடலாம், அவ்வளவு வேலைப்பாடு. சிவப்பு ரெக்சின், பளபளக்கும் பொத்தான்கள், ஓரம் முழுக்கப் பித்தளை ஆணி, நடுவில் ஒரு குழந்தையைப் படுக்க வைக்கலாம் போல ஆழமான குழி. பின்னால் உட்காரும் எனக்கு முதுகு சாய ஒரு திண்டு வேறு.

ஓப்ராத் ஏறினான். குழி அவனை விழுங்கியது. பழைய சீட்டில் முழங்கையை இடித்த முட்டி இப்போது நெஞ்சுக்கு ஏறியிருந்தது. வேலிமேல் உட்கார்ந்த வெட்டுக்கிளிதான்.

"எப்படி?" என்றான் மிலோயே.

"அரண்மனைடா" என்றான் என் புருஷன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் அந்த மாடு தினமும் நம்மை முட்டினால்?

அந்தக் கோடை முழுக்க அவன் அந்தக் குழியில்தான் மேட்டுக்குப் போய் வந்தான். திரும்பி வந்து இறங்கும்போது பல்லைக் கடிப்பான். இடையர்கள் அவன் தூரத்தில் வருவதைப் பார்த்தே "சோபா வருது, சோபா வருது" என்று விசில் அடிப்பார்களாம். இரவில் ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

"மிலோயேகிட்ட சொல்லேன்" என்றேன்.

"எப்படிச் சொல்றது?"

"வாயால."

"கூமோட கை வேலையைக் குத்தம் சொல்லச் சொல்றியா? எங்கப்பா கல்லறைக் குழியில புரண்டு படுப்பார்."

"உங்கப்பா குழியிலயாவது காலை நீட்டிப் படுத்திருக்கார்" என்றேன்.

அப்புறம் நானே வேலையில் இறங்கினேன். ஒருநாள் அவன் குளிக்கும்போது சமையலறைக் கத்தியால் சீட்டைக் குறுக்கே கிழித்து, பஞ்சைப் பிய்த்துப் போட்டு, பக்கத்து வீட்டு ஆட்டின்மேல் பழியைப் போட்டேன். அந்த ஆடு பாவம், அதற்குப் பல்லே சரியில்லை. மிலோயே விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தான். அன்று சாயங்காலமே புது ரெக்சினோடு திருப்பிக் கொண்டுவந்தான். "கையோட இன்னும் கொஞ்சம் பஞ்சு வெச்சிருக்கேன், முன்னைவிட மெத்துனு இருக்கும்" என்றான். குழி இன்னும் ஆழமாகியிருந்தது.

ஆகஸ்டு பாதியில் அலுவலகத்திலிருந்து கேட்டுவிட்டார்கள்: நாற்காலிக்கு வருகிறாயா, இல்லை வேறு ஆளைப் போடட்டுமா? வேறு ஆள் வந்துவிட்டால், பிறகு இடுப்பு போனால் அவன் வீட்டில்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மிலோயே காப்பிக்கு வந்திருந்தான். முற்றத்தில் மேஜை போட்டிருந்தோம். பிளம் பழச் சாராயமான ராக்கியா ஊற்றினேன், ஆட்டுப் பாலாடைக்கட்டி வைத்தேன். பேச்சு நடுவில் மிலோயே எழுந்து போய் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தான். அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. இரண்டு பாதமும் தரையில், முட்டி அழகாகக் கீழே.

"என்ன சுகம்டா இது" என்றான் கண்ணை மூடி. "இதை விட்டுட்டு அந்தப் பலகை மேல உட்காரப் போனியே."

அவன் எதை வைத்து அளவெடுத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் உட்கார்ந்து பார்த்து, அவனுக்குச் சுகமாக இருந்ததைத்தான் தைத்திருக்கிறான். அவன்மேல் கோபம் வந்தது. அதைவிட, சிரித்துக்கொண்டு தலையாட்டிய என் புருஷன்மேல் வந்தது.

"மிலோயே, இறங்கு" என்றேன். "அது உன் அளவு. என் புருஷன் அதுல உட்கார்ந்து உட்கார்ந்து நொண்டியாயிட்டு இருக்கான். காலுறை போட முடியல, படுக்க முடியல. நீ ஆசையாத்தான் தெச்ச, நான் இல்லேங்கல. ஆனா அது அவனைக் கொல்லுது. அந்த ஆடும் ஆடு இல்ல, நான்தான்."

மிலோயே மெதுவாக இறங்கினான். முகம் சீட்டைவிடச் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"கூம், அப்படியா?" என்று ஓப்ராத்தைக் கேட்டான்.

மிலோயே முட்டாள் இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் ஓப்ராத் எழுந்து நிற்பதை அவனும் அந்தக் கோடையெல்லாம் பார்த்திருக்கிறான். அப்படியா என்று வாய் கேட்டது, இல்லைன்னு சொல்லிடுடா என்று கண் கெஞ்சியது. நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன், ஒரே ஒரு ஆமாம் சொல்லு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

"பைத்தியம்டா இவளுக்கு" என்றான் ஓப்ராத். சிரித்தான். "நான் மேட்டுல கிடக்கறது இவளுக்குப் பிடிக்கல. அதுக்கு இந்தக் கதை. அரண்மனைன்னு அன்னைக்கே சொன்னேனே?"

சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். எப்படி ஏறினான் என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை. "ஏறு ஸ்தானா, ஒரு சுத்து போயிட்டு வரலாம். கூம் பார்க்கட்டும்" என்றான். நான் ஏறினேன். மிலோயே தெருவரை வந்து கையாட்டினான். ஓப்ராத்தும் ஒரு கையை எடுத்து ஆட்டினான். அவன் தொடை நடுங்கியது என் முழங்காலுக்குத் தெரிந்தது.

ஊர் முடிந்து மேட்டுப் பாதை திரும்பும் இடத்தில் வண்டியை நிறுத்தினான். நான் இறங்கினேன். அவனால் இறங்க முடியவில்லை.

"யாராவது வராங்களா?"

"யாரும் இல்ல."

டேங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். நான் அவன் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கித் தாண்ட வைத்தேன். மரம் மாதிரி கனத்தது. அவன் நின்றான், ஆனால் நிமிரவில்லை. மேலே இடையர்களின் குடிசைகளில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னான்:

"நாளைக்கு அந்த நாற்காலிக்குச் சரின்னு சொல்லிடறேன்."

"சீட்டைக் கழட்டலாம் ஓப்ராத். அவனுக்கே தெரியும்."

"தெரியும். அவனுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்டா?"

"கூம் கொடுத்ததைத் தூக்கி எறிஞ்சவன்னு ஒரு பேச்சு வந்துடும். வேண்டாம். இடுப்பு போனா என்னோட போகும்."

அவனை அறைய வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வீட்டுக்குத் திரும்ப ஒரே வழிதான், அந்த வழியில் மிலோயே இன்னும் நின்றுகொண்டிருப்பான்.

"தூக்கி விடு" என்றான். மறுபடியும் அவன் காலைத் தூக்கித் தாண்ட வைத்தேன். குழிக்குள் இறங்கியதும் அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, பசு கன்று ஈனும்போது போடும் சத்தம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சிரிச்சுக்கிட்டே வா" என்றான்.

நானும் சிரித்துக்கொண்டே வந்தேன்.