மோரோவின் முறை

மூன்றாவது தடவையும் ரத்தப் பரிசோதனை அதையே சொன்னது. சர்க்கரை ஏறியிருந்தது, பொட்டாசியம் இறங்கியிருந்தது. பதின்மூன்று வயது நாய் மோரோவின் நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொண்டது. காரணம் மட்டும் கால்நடை டாக்டர் சில்வானாவுக்குப் பிடிபடவில்லை.

பெரியவர் வால்டெமாரின் மனைவி எல்பா செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் போனபின் வீட்டில் மிஞ்சியது அவரும் இந்த நாயும்தான். இதுவும் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு நாதியில்லை என்ற பயம் அவரைத் தின்றது.

“சொன்ன மாதிரி நேத்திலேர்ந்து சாப்பாடு எதுவும் குடுக்கலையே, வால்டெமார் ஐயா?”

“ஒரு துண்டு ரொட்டிகூடக் குடுக்கல, டாக்டரம்மா. மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு, பாவம்.”

“உள்ள கட்டி கிட்டி இருக்கலாம். தலைநகரத்துக்கு, மோன்தெவிதேயோவுக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுக்கணும்.”

பெரியவர் குனிந்து மேஜைக்கு அடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். சில்வானா சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் பிளாஸ்க்கை எடுத்தாள். கெட்ட சேதி சொன்ன கையோடு மாத்தே என்கிற கசப்பு இலைத்தேநீரை ஊற்றிக் கொடுக்காமல் யாரையும் அனுப்ப அவளுக்கு மனசு வராது. சுரைக்குடுக்கையில் இருந்த இலைத்தூளில் வெந்நீர் விட்டு முதலில் தான் குழலால் உறிஞ்சினாள். மறுபடி நிரப்பி அவரிடம் நீட்டினாள். அவர் குடித்துவிட்டு நன்றி சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். ஒரே குடுக்கை முறைவைத்துச் சுற்றும்; நன்றி சொன்னால் போதும் என்று அர்த்தம், அடுத்த சுற்று வராது.

மேஜைக்கு அடியிலிருந்து மோரோ எழுந்து வந்தது. டாக்டரின் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்து குடுக்கையையே பார்த்தது.

“இது என்ன பண்ணுது?”

“அதோட முறைம்மா.”

சில்வானா குடுக்கையைக் கீழே வைத்தாள். “இதுக்கு மாத்தே குடுக்குறீங்களா?”

“எல்பாவோட முறை அது. அவ சர்க்கரை போட்டுத்தான் குடிப்பா. தனியா குடிக்க முடியல எனக்கு. கிண்ணத்துல ஊத்தி வெப்பேன், நக்கிக்கும்.”

“இன்னிக்குக் காலையிலயும்?”

“சாப்பாடுதானே கூடாதுன்னீங்க. மாத்தே சாப்பாடா?”

“காப்பியில இருக்குற அதே சரக்குதான் இதுலயும் இருக்கு, நாயோட நெஞ்சு தாங்காது. போதாததுக்குச் சர்க்கரை வேற. நல்ல ஆளுய்யா நீங்க.” அவள் சீட்டைக் கிழித்துப் போட்டாள். “இனிமே ஒரு சொட்டு கூடாது.”

இரண்டு வாரத்தில் ரத்தம் சரியாக வந்தது. வீடு திரும்பும் வழி முழுக்க வால்டெமார் வெட்கமில்லாமல் அழுதார். மோரோ பிழைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் முதல் குடுக்கையைக் குடித்து முடித்தார். இரண்டாவதில், எல்பாவின் முறையில், பழக்கதோஷத்தில் சர்க்கரையைப் போட்டுவிட்டார். மோரோ வந்து எதிரே உட்கார்ந்தது. தலையைத் தடவிக் கொடுத்தார், கிண்ணத்தை எடுக்கவில்லை. அந்த இனிப்பைத் தானே கடைசிவரை உறிஞ்சினார். பிறகு எல்பாவின் நாற்காலியைப் பார்த்து, “நன்றி” என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்க்கை மூடினார்.