எடுத்தவர் பெயர்

பெரியவரின் முழங்கை மடிப்பை அவள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடியது. ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். கட்டைவிரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்து ஊசியை ஏற்றினாள். ரத்தம் வந்தது. டியூப் நிறைந்ததும் முதலில் பட்டையை அவிழ்த்தாள், பிறகு ஊசியை உருவினாள், பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"முடிஞ்சுதா? குத்தின மாதிரியே இல்லியேம்மா."

"முடிஞ்சுது தாத்தா. பஞ்ச விடாம அழுத்திப் பிடிங்க."

மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை லேபில் அவளுக்கு இது மூன்றாவது மாதம். லேப் படிப்பின் கடைசி வருடத்தில் மூன்று மாதம் எங்கேயாவது இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். பதினேழு இடம் ஏறி இறங்கினாள். பாதி இடத்தில் நாளைக்கு வா என்றார்கள், மீதி இடத்தில் அதுகூடச் சொல்லவில்லை. இந்த லேப்காரர்தான், "இங்க வேடிக்க பாக்க ஆள் வேணாம்மா, வேல செய்யத்தான் வேணும்" என்று சேர்த்துக்கொண்டார். மறுநாள் துடைப்பத்தைக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஊசியைக் கொடுத்தார்.

அவளுடைய தோழி நெட்டைக்குக் கிடைத்ததோ பெரிய ஆஸ்பத்திரி. வகுப்பிலிருந்து ஐந்தே பேருக்குத்தான் அங்கே இடம், மார்க் வரிசைப்படி என்றார்கள். மார்க்கில் நெட்டை பதினொன்றாவது, இவள் மூன்றாவது. நெட்டையின் சித்தப்பா அங்கே மேனேஜர் என்பது வகுப்புக்கே தெரியும். கேட்கத்தான் யாருக்கும் வாய் இல்லை.

நெட்டை தினமும் போனில் ஸ்டேட்டஸ் போட்டாள். வெள்ளைக் கோட்டில் நெட்டை, ஆளுயர மிஷின் பக்கத்தில் நெட்டை, ஏ.சி. அறையில் சாப்பிடும் நெட்டை. இவள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியோடு மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று அதைப் பார்ப்பாள். பார்க்கக் கூடாது என்று நினைப்பாள், அடுத்த படியிலும் பார்ப்பாள். அவளுக்கு மட்டும் எங்கேதான் மச்சமோ!

"அடுத்தவ தட்டையே எட்டிப் பாத்துக்கிட்டிருந்தா உன் வயிறு நெறஞ்சிடுமாடி?" என்றாள் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அவள் அம்மா.

"எங்க நெறையுது? எரியுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டையே லேபுக்கு வந்தாள். லேப்காரர் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்ததும் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

"மூணு மாசமா ஒரு ஊசியத் தொட விடலடி. மிஷின் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்ததோட சரி. நூறு பேருக்கு எடுத்ததா நோட்டுல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழம டெஸ்ட்டு வைக்கிறாங்க. ரெண்டு பேர வேலைக்கு எடுக்கப் போறாங்க. எங்க லேபுக்குப் பெரிய சார் இருக்காரே, அவர் முன்னாடி நெஜமாவே எடுத்துக் காட்டணும். நீ சொல்லிக் குடுடி, ப்ளீஸ்."

அந்த இரண்டு இடத்துக்கு இவளும் மனுப் போட்டிருந்தாள். நெட்டையிடம் சொல்லவில்லை. கேட்டதும் மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இவ்வளவுதானா உன் ஏ.சி.யும் கோட்டும்!

யாருக்குக் குத்துவது? இவள் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினாள். முதல் குத்து தப்பியது. இரண்டாவது எலும்பில் போய் இடித்த மாதிரி வலித்தது. மூன்றாவதில் ரத்தம் வந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று குதித்த நெட்டை, பட்டையை அவிழ்க்காமலே ஊசியை உருவினாள். தோலுக்கடியில் ரத்தம் பரவிக் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியது.

பட்டையை முதலில் அவிழ்க்க வேண்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். பெரிய சார் முன்னாடியும் இதையே செய்யட்டும். அவர் கண்ணெதிரே ஒரு கை வீங்கட்டும்.

"இப்பிடித்தானே?"

"ஆமா. இப்பிடித்தான்."

வியாழக்கிழமை இவளைப் பெரிய ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் அவளுடைய மனுவைத் திருப்பித் தள்ளினார்.

"நூறு படுக்கைக்கு மேல உள்ள ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் இருந்தாத்தான்மா டெஸ்டுக்கே கூப்பிடுவாங்க."

"எழுநூத்தி நாப்பது பேருக்கு ரத்தம் எடுத்திருக்கேன் சார்."

"இருக்கலாம்மா. அத எழுத இதுல கட்டம் இல்லியே."

சனிக்கிழமை நெட்டை போன் பண்ணினாள். சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு.

"கேளேன் கூத்த! பட்டய அவுக்காமலே உருவிட்டேன். அந்த ஆளு கை பொங்கிடுச்சு. நான் செத்தேன்னு நெனச்சேன். பெரிய சாரு, 'பரவால்ல, போகப் போகப் பழகிடும்'னுட்டாரு. எம் பேரோட லிஸ்ட்டு போன வாரமே டைப் அடிச்சாச்சாம்டி! சித்தப்பா இப்பத்தான் சொல்றாரு."

போனை வைத்த பிறகு அவள் தன் கையைப் பார்த்தாள். வீக்கம் வடிந்து நீலமாகப் படர்ந்திருந்தது. முகம் தெரியாத அந்த ஆளுக்கும் இப்படித்தான் இருக்கும். வயிறு அப்போதும் எரிந்தது, கூடவே வெட்கமும் சேர்ந்துகொண்டது.

படிப்பு முடிந்ததும் லேப்காரர் அவளை அரைச் சம்பளத்தில் வைத்துக்கொண்டார். அங்கே செய்ய முடியாத பரிசோதனைகளுக்குச் சாம்பிள்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலை. முதல் முறை பெட்டியோடு போனபோது, கதவைத் திறந்து நெட்டை அவளை உள்ளே இழுத்தாள்.

"நல்ல நேரத்துல வந்தே! இந்தம்மாவுக்கு நரம்பே இல்லடி. ரெண்டு தடவ குத்திட்டேன்."

நாற்காலியில் ஒல்லியான ஒரு பெண் இரண்டு கையிலும் பஞ்சோடு கண்ணீரைத் துடைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். இவள் பெட்டியை வைத்துவிட்டுக் கையுறை போட்டுக்கொண்டாள். பட்டையைக் கட்டி, புறங்கையில் தடவி நரம்பைக் கண்டுபிடித்தாள். ஒரே குத்து. டியூப் நிறைந்ததும் நெட்டைக்குத் தெரியும்படி மெதுவாகப் பட்டையை அவிழ்த்தாள், அப்புறம் ஊசியை உருவினாள்.

"மொதல்ல பட்ட. அப்புறந்தான் ஊசி."

"அடிப்பாவி, அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

இவள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நெட்டை டியூபில் சீட்டு ஒட்டினாள், மேஜையில் இருந்த பதிவேட்டைத் திறந்தாள், 'எடுத்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

உள்ளறையிலிருந்து பெரிய சார் வந்தார். டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"எடுத்துட்டியா? பாத்தியா, கை பழகிடுச்சு."

நெட்டை ஒரு கணம் இவளைப் பார்த்தாள்.

"ஆமா சார்," என்றாள்.

அப்போதுதான் அவர் இவளைக் கவனித்தார். "வெளி லேப் ஆளுங்க உள்ள வரக்கூடாதும்மா. பெட்டிய ஜன்னல்ல குடுத்துட்டுப் போங்க."

அந்தப் பெண்ணின் விரலை எடுத்துப் பஞ்சின்மேல் வைத்துவிட்டு, அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஜன்னல் வரிசையில் ஆறாவது ஆளாக நின்றாள்.