முழுசாகச் செத்த பிறகு வாருங்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிளெவென் ஊரில் போன் காப்பீட்டுக் கவுண்டரில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு வாய் நீளாமல் என்ன செய்யும்? வருகிற ஒவ்வொருவரும் போன் தானாகவே கெட்டது என்று பெற்ற தாய் மேல் சத்தியம் செய்வார்கள். போனுக்குள்ளிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் விதி இதுதான். வாரண்டி முடிந்த பிறகு போனுக்குள் திடீரென்று பழுது வந்தால் காப்பீடு உண்டு, வேறு போன் கொடுப்போம். மெல்ல மெல்லத் தேய்ந்து கெட்டால் கிடையாது. பேட்டரி தேயும் பொருள், அதனால் பேட்டரிக்குக் கிடையாது. ஆனால் போன் ஒரேயடியாக உயிரை விட்டுவிட்டால், எதனால் செத்தது என்று தலைமை அலுவலகத்தில் யாரும் நோண்ட மாட்டார்கள். திடீர்ப் பழுது என்று எழுதினால் போதும். இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவள் நான். அரைகுறையாகக் கெட்ட போனோடு வருகிறவர்களிடம், "இப்பவே பதிஞ்சா தள்ளிடுவாங்க. கொண்டுபோய் ஓட்டுங்க. முழுசா சாகட்டும், அப்புறம் வாங்க" என்பேன். அடுத்த மாதம் புதுப் போனை வாங்கிக்கொண்டு எனக்குச் சாக்லேட் டப்பா நீட்டுவார்கள். அதில் எனக்குத் தலைகொள்ளாத பெருமை வேறு.

வெல்கோ அண்ணன் வந்தது செப்டம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பேத்தி ரலித்சா. அவளுடைய அம்மா ஸ்வெத்லா ஜெர்மனியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். தினமும் மதியம் ஒரு மணிக்குத்தான் அவளுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் போனில் பார்த்தால்தான் இருவருக்கும் சோறு இறங்கும்.

போனைக் கவுண்டரில் வைத்தார். திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கம் புடைத்திருந்தது.

"போனுக்கு வயிறு வீங்கிடுச்சு" என்றாள் குழந்தை.

பழுது பார்க்கும் பையன் க்ரூம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "நெவெனா அக்கா, பேட்டரி ஊதியிருக்கு. இதை ஓட்டச் சொல்லாதே."

"உன் திருப்புளியைப் பாருடா. கவுண்டரை நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

வெல்கோ அண்ணன் தயங்கினார். "ஆபத்து ஒண்ணும் இல்லையே தங்கச்சி? முப்பத்தெட்டு வருஷம் சிக்னல் பார்த்தவன் நான். சந்தேகம்னா ரயிலை நிறுத்திட்டுத்தான் மறுவேலை."

"இது ரயில் இல்லைண்ணே, போன். இப்படி எத்தனை பார்த்திருக்கேன். இன்னைக்கு நான் பதிஞ்சா பேட்டரின்னு எழுதணும். காப்பீடும் போச்சு, போனும் போச்சு. பேசாம சார்ஜ் போட்டு ஓட்டுங்க."

அவர் அப்போதே மகளைப் போனில் கூப்பிட்டு என்னிடம் கொடுத்தார். ஸ்வெத்லாவுக்கும் அதையே சொல்லி, கவுண்டர் கைப்பேசி எண்ணையும் கொடுத்தேன். "அப்பா போன் அடிச்சும் போகலைன்னா, செத்துடுச்சுன்னு அர்த்தம். எனக்குக் கூப்பிடுங்க, புதுசு கொடுத்துடலாம்." அவள் ஏழெட்டுத் தடவை நன்றி சொன்னாள்.

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டரை இருக்கும். க்ரூமின் மேசையிலிருந்து பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். அவன் திறக்காமல் ஓரமாக வைத்திருந்த ஊதிப்போன போன் ஒன்று புகைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தீ ஒரு முழம் எழும்பியது. க்ரூம் இடுக்கியால் தூக்கி மணல் வாளியில் போட்டான். அவன் புருவம் பொசுங்கிவிட்டது. வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

வெல்கோ அண்ணனின் காப்பீட்டுத் தாளை எடுத்தேன். அதில் முகவரியும் ஒரே ஒரு எண்ணும்தான் இருந்தன. அதே போனின் எண்.

மூன்றாவது மணியில் எடுத்தாள் ரலித்சா. "அம்மாவா?"

"இல்லடா கண்ணு, போன் கடை அத்தை. தாத்தாகிட்ட குடு."

"தாத்தா பால்கனியில மிளகா சுடுறாரு. புகை உள்ள வருதுன்னு கதவைச் சாத்திட்டாரு."

"போய்க் கதவைத் தட்டும்மா."

"தட்டினேன். ரேடியோ கத்துது, அவருக்குக் கேக்கல."

"சரி, போனைத் தரையில வச்சிட்டுத் தள்ளிப் போ."

"முடியாது. அதுக்குக் காய்ச்சல். தொட்டா சுடுது. சார்ஜ் போட்டுப் போர்வை போத்திவிட்டிருக்கேன்."

"போத்திட்டா அப்புறம் எப்படிப் பேசுற?"

"நானும் போர்வைக்குள்ளதான் இருக்கேன். எனக்குக் காய்ச்சல்னா தாத்தா என் பக்கத்துல படுப்பாருல்ல?"

நான் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. "வெளிய வாடி! அதை விட்டுட்டு ஓடு!"

அவள் குரல் உடைந்தது. "திட்டாதீங்க. ஒரு மணிக்கு அம்மா கூப்பிடுவாங்க. நான் விட மாட்டேன்."

பிறகு அந்தச் சீறல் கேட்டது. சற்றுமுன் மேசையில் கேட்ட அதே சீறல். இணைப்பு அறுந்தது.

தீயணைப்புக்குச் சொல்லும்படி க்ரூமிடம் அலறிவிட்டுக் கைப்பேசியோடு ஓடினேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால், பதினான்காம் கட்டடம், நாலாம் மாடி. ஆறு நிமிஷ ஓட்டம். திரும்பிய பக்கமெல்லாம் புகை. செப்டம்பரில் எங்கள் ஊரில் எந்தப் பால்கனியில் புகை இல்லை? குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைக்க வீட்டுக்கு இருபது கிலோ குடைமிளகாயாவது சுடுவோம். தெருவே கருகிய தோல் நாறும். அந்த வாசனைக்கு வாயில் எச்சில் ஊறுகிறவள் நான். அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

கட்டட வாசலில் இரண்டு பெண்கள் வாளிகளை வைத்துக்கொண்டு சுட்ட மிளகாயைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல தீ! நாலாம் மாடியில தீ!"

"செப்டம்பர்ல புகை வராம பூவா கொட்டும்?" என்றாள் ஒருத்தி. மற்றவள் சிரித்தாள். "வெல்கோ கிழவன் எப்பவும் கருக்கித்தான் எடுப்பான். உட்காரு நெவெனா, ஒண்ணு தின்னுட்டுப் போ."

நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் வெள்ளைப் புகை. அதற்கடுத்த ஜன்னலின் இடுக்கில் கறுப்பாக ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அவர்களும் பார்த்துவிட்டார்கள். வாளி உருண்டது.

நாலு மாடியும் ஏறிக் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினேன். யாரும் வரவில்லை. செருப்பைக் கழற்றி அடித்தேன். ஒருவழியாகத் திறந்தார் வெல்கோ அண்ணன். விரலெல்லாம் மிளகாய்க் கரி.

"என்ன தங்கச்சி? எரியற நாத்தமா? எனக்கும் அடிச்சுது. ஒரு ஈடு கருகிடுச்சு போலன்னு அடுப்பைத்தான் கிளறிக்கிட்டு இருந்தேன்..."

"குழந்தை எங்கண்ணே?"

அவர் திரும்பினார். படுக்கையறைக் கதவின் அடியிலிருந்து புகை, தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

அந்த மனிதர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உள்ளே பாய்ந்தார். நான் வாசற்படியில் நின்றேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நின்றேன். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் சட்டைக் கை எரிந்துகொண்டிருந்தது. குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் பார்க்கிற மாதிரி இல்லை. மூச்சு இருந்தது. விசில் மாதிரி, விட்டு விட்டு.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து முகமூடி மாட்டினார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் கறுத்து உருகிய கட்டி ஒன்றைக் கொண்டுவந்து படியில் போட்டார். வெல்கோ அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை.

"நீ சொன்ன மாதிரியே ஓட்டினேன் தங்கச்சி" என்றார். "சார்ஜ் போட்டு."

ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டார். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே வாசலில் யாரோ அழுதார்கள். என் பையிலிருந்த கவுண்டர் கைப்பேசி அடித்தது. மணி ஒன்று பத்து. ஜெர்மனி எண்.

"நெவெனா அக்கா! நான் ஸ்வெத்லா பேசுறேன். அப்பாவுக்குப் பத்து நிமிஷமா அடிக்கிறேன், போகவே இல்லை." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஒருவழியா முழுசா செத்துடுச்சு போல! நீங்க சொன்னபடியே உங்களுக்குக் கூப்பிட்டுட்டேன். இன்னைக்கே புதுசு கொடுத்துடுவீங்கல்ல? குட்டி என்னைப் பார்க்கலைன்னா சாப்பிடவே மாட்டாக்கா."

என் நீளமான வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் ஸ்வெத்லா" என்றேன். "எங்கயாவது உட்காரும்மா. முதல்ல உட்காரு."