இரண்டாவது குழி

நாகலக்ஷ்மிக்கு வியர்க்காது. மூன்று வருடங்களுக்கு முன் சிலிண்டர் தீயில் முதுகும் கைகால்களும் வெந்துபோயின. தழும்பு மூடிய தோலில் வியர்வைக்கு வழியில்லை. அறை சூடானால் அவள் உடம்பும் கூடவே கொதிக்கும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

கோடையில் கரண்ட் போனால் பழைய ஏசி இன்வெர்ட்டரில் ஓடாது. அதனால்தான் அவள் கணவர் ஏகநாதன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சிட்லபாக்கம் வீட்டில் பூமிக்குள் சூட்டை இறக்கும் குளிர்சாதனத்துக்கு மாறினார். அதற்குக் கரண்ட் குறைவாகத்தான் செலவாகும்; இன்வெர்ட்டரிலேயே ஓடும். பழைய ஏசியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

வேலையை எடுத்த முதாசிர் விளக்கினார். முந்நூறடியில் இரண்டு குழிகள். அவற்றில் இறங்கும் குழாய்களில் ஓடும் தண்ணீர், வீட்டுச் சூட்டைக் கொண்டுபோய் மண்ணில் விட்டுவிட்டுத் திரும்பும். குழாயைச் சுற்றிக் களிமண் குழம்பு ஊற்றிக் குழியை அடைத்துவிட வேண்டும்.

முதல் குழியில் பொட்டு ஈரமில்லை. இரண்டாவதில் நூற்றெண்பதடியில் தண்ணீர் பீறிட்டது. தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைக்கும் தெரு அது. மொத்தமும் ஓடி வந்தது. எதிர்வீட்டு தசரதன் கற்பூரம் ஏற்றினார். யாரோ மஞ்சள் குங்குமம் வைத்தார்கள்.

"மூடிடலாமா சார்?" என்றார் முதாசிர்.

"கங்கா மாதா வந்திருக்கா. அவ வாயில மண்ணைப் போடச் சொல்றீங்களா?" என்றார் ஏகநாதன்.

"ஒரு குழி தாங்காது சார். சூடு போக இடமில்லாம அங்கயே தங்கிடும்."

ஒரே ஒரு படுக்கையறைதானே என்று ஏகநாதன் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்றாவது குழி தோண்ட இடமில்லை. முதாசிர் முதல் குழியை மட்டும் அரைமனதாக இணைத்துக் கொடுத்தார். குழாய்த் தண்ணீரின் சூடு மீட்டரில் முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் உடனே போன் செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச்சில் அறை ஜில்லென்றிருந்தது. இரண்டாவது குழியில் மோட்டார் இறக்கி, வாசலில் குழாய் வைத்தார் ஏகநாதன். தெரு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஏப்ரலுக்குப் பிறகு மீட்டர் பார்ப்பது விட்டுப்போயிற்று.

மே மாதம் தசரதன் குடத்தோடு வந்து சிரித்தார். "வாத்தியாரே, உங்க போர் தண்ணி வெதுவெதுன்னு வருது. கீசரை வித்துடலாம்னு இருக்கேன்."

ஏகநாதனும் சிரித்தார். உள்ளேயிருந்து நாகலக்ஷ்மி கேட்டாள்: "ஏங்க, அது ஏன் சுடுது?"

"வெயில்ல பைப்பு காயுது, வேற என்ன?"

அதற்கு நான்காம் நாள் பிற்பகல். வாசலில் ஏழு குடங்கள் வரிசையில் இருந்தன. ஏகநாதன் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தார். உள்ளே மிஷின், சூடு தாங்காமல் தானாக நின்றுபோயிருந்தது. அவர் திரும்பிப் போனபோது அறை அடுப்படி போலிருந்தது. நாகலக்ஷ்மி கண் செருகிக் கிடந்தாள். தொட்ட கை சுட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு ஓடிப்போய் வாசல் குழாயில் வாளி பிடித்து வந்து அவள்மேல் ஊற்றினார். இரண்டாவது வாளியில்தான் உறைத்தது. இருபதடி தள்ளியிருந்த முதல் குழியின் சூடு இந்தத் தண்ணீருக்கும் வந்திருந்தது. தன் வீட்டிலிருந்து இறக்கிய அதே சூட்டைத்தான் அவள்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது எடுத்துப்போக உயிர் இருக்கவில்லை.

மறுநாள் காலை குளிப்பாட்டத் தண்ணீர் தேவைப்பட்டது. தசரதன் வாசல் குழாயைத் திறந்து, வாளிக்குள் கை வைத்துப் பார்த்தார். அதை மண்ணில் கொட்டிவிட்டு, லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த தன் வீட்டுக்கு நடந்தார்.