டேப் ஒட்டிய சுவிட்ச்

என் கணவர் பாஸ்கலுக்கு ஒரு பழக்கம். எரிகிற சுவிட்சைப் பார்த்தால் கை தானாகப் போய் அணைத்துவிடும். அதனால் அன்று காலை முதல் வேலையாக, லேப்டாப் செருகியிருந்த சுவிட்சின் மேல் செல்லோடேப்பைக் குறுக்காக ஒட்டினேன். லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல மாதம். டேப்லெட்டுக்கு அதிலிருந்து புது சிஸ்டம் ஏற்றும்போது நடுவில் அணைந்தால் டேப்லெட்டும் போய்விடும்.

தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போனதிலிருந்து அந்த டேப்லெட்தான் இவர் வாய். எழுத்தைத் தட்டினால் அது பேசும். போன வாரம் பேசும் ஆப் திறக்க மறுத்தது; இந்தப் பழைய சிஸ்டத்தில் இனி ஓடாதாம். மகள் ஷாரன் தன் போனைக் கொடுத்துப் பார்த்தாள். அண்ணனூர் மின்சார ரயில் கார் ஷெட்டில் ஸ்பேனர் பிடித்துத் தடித்த இவர் விரலுக்கு ஒரு எழுத்து மூன்றாக விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று சபையில் அப்பா சொல்லவேண்டும். "சித்தப்பா சொல்லட்டுமே" என்றார்கள் உறவுக்காரர்கள். இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார்.

கம்பெனி கைவிட்ட அந்த மாடலுக்கு வெளியாட்கள் சிலர் புது சிஸ்டம் எழுதி இணையத்தில் வைத்திருந்தார்கள். செய்முறையைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் தொடங்கினேன். உள்ளே இருப்பதெல்லாம் அழியும், பாதியில் நின்றால் எழாமலே போகலாம் என்று போட்டிருந்த இடத்தை இவரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினார்.

கேபிள் கொஞ்சம் லூஸ். பக்கத்து வீட்டு சம்பத் அதை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, அண்ணி உன்க்குப் புது வாய் வெக்கிறாங்க. வந்த ஒடனே என்னத் திட்டாத."

இவர் அடிப்பதுபோலக் கை ஓங்கி, கேபிளைப் பார் என்று சைகை காட்டினார்.

பழையது அழிந்தது, புதியது ஏறியது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் தடவை நேரமாகும் என்று படித்ததுதான். ஆனாலும் சம்பத் கேபிளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு வட்டம் மறைந்து மொழியைக் கேட்டது. ஆப்பை இறக்கி இவர் கையில் கொடுத்தேன்.

"டேய் சம்பத், என் கால மிதிச்சிக்கினு கீற."

பெண் குரல்!

"அண்ணி, இனிமே ஊட்ல ரெண்டு பொம்பளைங்க!" என்று சம்பத் குதித்தார்.

"ஆம்பளக் குரல் தேடிப் போடட்டுமாங்க?" என்று இவரிடம் கேட்டேன்.

"அப்பால. வேல கீது."

டேப்லெட்டை அதே சுவிட்சில் சார்ஜ் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். "எங்க பொண்ணு ஷாரன," என்றது அது. அழித்தார். "எங்க ஷாரன உங்க ஊட்டுக்கு," என்றது. அதையும் அழித்தார். காபி கொண்டுபோன ஷாரன் அடுத்த வரிக்காக நிலைப்படியிலேயே நின்றாள். இவர் தலைக்கு மேலே, டேப்புக்கு அடியில், சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.