இடைவேளையில் நின்ற ஓட்டம்

சிட்னியின் பென்டில் ஹில் வீட்டில் மூன்று பேர் கூடியிருந்தார்கள். சங்கத் தலைவரும் பழைய உதைபந்தாட்டக் கப்டனுமான அருள்நந்தி ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில். அந்த அணிக்குக் கோல் காத்த குணசீலன் சோபாவில். அந்தக் காலத்து ஓட்டக்காரியும் இப்போதைய செயலாளருமான சிவயோகம் வாசலோரம், எழும்புவதும் இருப்பதுமாக. கொழும்பில் தேசிய விளையாட்டரங்கின் வரலாற்றைப் புத்தகமாக்குகிறார்கள். அதற்கு, அங்கே விளையாடியவர்களின் நினைவுகளை எழுதிய சிட்னிச் சங்கத்தின் கடிதம் இன்றே தபாலில் போகவேண்டும்.

கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்த அருள்நந்தி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதென்ன, 'இறுதியாட்ட இடைவேளையில் நடந்த பெண்கள் எண்ணூறு மீற்றர் ஓட்டம், உதைபந்தாட்ட அணி முன்கூட்டியே இறங்கியதால் பாதியில் நின்றது'? முடியாத ரேஸுக்கு என்ன வரலாறு?"

"முடிய விட்டனீங்களே, அண்ணை? பாதையை மறிச்சு நிண்டனீங்கள். நான்தான் முன்னுக்கு வந்தனான்." சிவயோகம் வாசலோரத்திலிருந்து சொன்னார்.

"வெண்டிருப்பாய் எண்டு ஆர் கண்டது?"

"வெண்டனான் எண்டு எழுதேல்லை. ஓடினனாங்கள் எண்டுதான் எழுதினனான்."

குணசீலன் சிரித்தார். "கப்டன், அண்டைக்கு நாங்கள் தோத்ததையே பக்கம் பக்கமா எழுதியிருக்கிறாய். யோகத்தின்ரை ஒரு வரி உனக்குப் பாரமோ?"

"அந்த வரி இருந்தா நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

சிவயோகத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. தலைவரின் கையெழுத்தில்லாமல் அவர் ஒரு கடிதமும் அனுப்பியதில்லை. இன்று கடிதத்தை இழுத்து, அந்த வரியை வெட்டாமலே தன் பெயரை எழுதினார். குணசீலனும் எழுதினார். தலைவருக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டு, உறையை ஒட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் தெருமுனைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டார்.